பவளம் வெளுக்கிறதா? கோரல்வாட்ச் நிற அட்டை பற்றி

ஸ்கூபா டைவ் போகிறவர்கள் கையில் இது ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய கோரல்வாட்ச் திட்டத்தின் அட்டை இது, பவளத்தின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க. தண்ணீரில் நனைந்தாலும் கெடாது. ஓரங்களில் பி, சி, டி, ஈ என நான்கு நிற வரிசைகள், ஒவ்வொன்றிலும் 1 முதல் 6 வரை கட்டங்கள். 1 கிட்டத்தட்ட வெள்ளை, 6 நல்ல அடர்த்தி.

பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் பெரும்பகுதி உணவும் தருகிறது. கடல் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி சில வாரங்கள் அப்படியே நின்றால் போதும், பாசி வெளியேறி பவளம் வெளுத்துவிடும். உடனே செத்துவிடாது, சூடு சீக்கிரம் தணிந்தால் தேறிவிடும். அதனால்தான் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது அவ்வளவு முக்கியம். நான்காவது உலகளாவிய பவள வெளிறல் நடந்துகொண்டிருக்கிறது என்று 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா அறிவித்தது. கடல் எவ்வளவு சூடு என்பதைச் செயற்கைக்கோள் சொல்லிவிடும், ஆனால் கீழே இருக்கிற அந்தப் பவளம் என்ன ஆனது என்று யாராவது இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

பயன்படுத்துவது எளிது. ஒரு பவளத்தைத் தேர்ந்தெடுத்து, அட்டையைப் பக்கத்தில் பிடித்து, அதன் மிக வெளிறிய பகுதிக்கு ஒரு குறியீடு, மிக அடர்ந்த பகுதிக்கு ஒரு குறியீடு, அப்புறம் அது கிளைப் பவளமா, உருண்டையா, தட்டா, மென்பவளமா என்று தண்ணீருக்குள் எழுதும் பலகையில் பென்சிலால் எழுத வேண்டும். ‘டி2, டி5, கிளை’, முடிந்தது, அடுத்தது. எனக்கு ரொம்பப் பிடித்ததே இந்தப் பக்கத்தில் பிடிக்கிற யோசனைதான். ஆழம் போகப் போக சிவப்பு மங்கி எல்லாம் நீலமாகத் தெரியும், போட்டோவை நம்பவே முடியாது. ஆனால் அட்டையும் பவளமும் ஒரே வெளிச்சத்தில் இருப்பதால் ஒப்பீடு நிற்கிறது. ஆழத்தில் இரண்டின் மேலும் டார்ச் அடித்தால் இன்னும் தெளிவு.

குறைகளும் உண்டு. நிறத்தைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது. முள் நட்சத்திர மீன் தின்றுவிட்டுப் போன இடமும் பளிச்சென்று வெள்ளையாகத்தான் இருக்கும், வளர்கிற கிளை நுனி இயல்பாகவே வெள்ளை. இதெல்லாம் தெரியாமல் குறித்தால் நல்ல பவளமும் கணக்கில் நோயாளி ஆகிவிடும். இரண்டு பேர் பார்த்தால் ஒரு கட்டம் முன்னே பின்னே வரத்தான் செய்யும். ஒரு கட்ட வித்தியாசத்துக்குப் பதற வேண்டாம், அதே பவளங்களில் இரண்டு கட்டம் இறங்கியிருந்தால்தான் பாசி குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, கண் தானாகவே வெளுத்ததைத்தான் தேடிப் போகும். நாலு ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) உதைப்புக்கு ஒரு பவளம் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு, எது எதிரே வருகிறதோ அதைக் குறியுங்கள், குறைந்தது 20 பவளமாவது வேண்டும்.

புதிதாக டைவ் கற்றவர்களுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்பேன். ஒரு கையில் அட்டை, ஒரு கையில் பலகை, தலை கீழே குனிந்திருக்கும்போது மிதப்பு கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் கால் போய்ப் பவளத்தில்தான் இடிக்கும். ஸ்நார்கலில் (மூச்சுக்குழாயோடு மேலே மிதந்தபடி) ஆழம் குறைந்த இடத்தில் பழகிவிட்டு அப்புறம் டைவுக்கு எடுத்துப் போங்கள். குறித்ததை அன்றைக்கே கோரல்வாட்ச் தளத்தில் ஏற்றிவிடுங்கள், பென்சில் எழுத்து சீக்கிரம் அழிந்துவிடும்.