சிங்-குவோவா, லீயா? தைவான் ஜனநாயகம் யார் கணக்கில்?

தைவானில் ஜனநாயகம் யாரால் வந்தது என்று கேட்டால், நெடுங்காலம் அங்கே ஆண்ட கோமின்டாங் கட்சியின் அனுதாபி, முன்னாள் அதிபர் சியாங் சிங்-குவோவின் பெயரைச் சொல்வார். அதன் எதிர்க்கட்சியான ஜனநாயக முற்போக்குக் கட்சிக்காரர், சிங்-குவோவுக்கு அடுத்து அதிபரான லீ டெங்-ஹுய்யைச் சொல்லக்கூடும், சற்றுத் தயங்கியபடி. லீயும் கோமின்டாங் தலைவராக இருந்துதானே பன்னிரண்டு ஆண்டுகள் ஆண்டார்!

முதலில் சிங்-குவோ. சீனாவில் கம்யூனிஸ்டுகளிடம் தோற்றுத் தைவானுக்கு வந்து ஆண்ட கோமின்டாங் தலைவர் சியாங் கை-ஷேக்கின் மகன். இளமையில் சோவியத் நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அந்நாட்டு மனைவியோடு திரும்பியவர். தைவானில் ரகசியப் போலீஸை அவர் கையில்தான் தந்தை ஒப்படைத்தார். 1978-இல் அதிபரானார். மறு ஆண்டே காவோசியுங் நகரில் மனித உரிமை நாளன்று பேரணி நடத்திய எதிர்க்கட்சித் தலைவர்களை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தியது அவரது அரசு. 1984-இல் அவர் குடும்பத்தை விமர்சித்து எழுதிய ஹென்றி லியூ கலிஃபோர்னியாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். தைவான் ராணுவ உளவுத்துறையின் தலைவரே அந்த வழக்கில் தண்டனை பெற்றார்.

இத்தனைக்கும் பிறகு, 1986 செப்டம்பர் 28-ஆம் தேதி தைபேயின் கிராண்ட் ஹோட்டலில் ஜனநாயக முற்போக்குக் கட்சி தொடங்கப்பட்டபோது, அவர் யாரையும் கைது செய்யவில்லை. புதுக் கட்சிக்குத் தடை இருந்த காலம் அது. 1987 ஜூலை 15-இல், 38 ஆண்டு ராணுவச் சட்டத்தையும் விலக்கிக்கொண்டார். பூட்டைத் திறந்தவர் என்பது சரி. ஆனால் சாவி அத்தனை காலமும் அந்தக் குடும்பத்தின் இடுப்பில்தான் தொங்கியது.

1988 ஜனவரியில் அவர் இறந்தபோது பூட்டு திறந்திருந்ததே தவிர, வீட்டுக்குள் பழைய ஆட்களே உட்கார்ந்திருந்தார்கள். 1940-களின் பிற்பகுதியில் சீனப் பெருநிலத்தில் தேர்வான உறுப்பினர்கள் நாற்பது ஆண்டுகளாகத் தேர்தலைச் சந்திக்காமல் நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்தனர். 'பத்தாயிரமாண்டு நாடாளுமன்றம்' என்று மக்கள் கேலி செய்தார்கள். இவர்களை வீட்டுக்கு அனுப்பியவர் லீ. தைவானிலேயே பிறந்து, கியோட்டோவில் படித்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1990 மார்ச்சில் தைபேயில் மாணவர்கள் திரண்டு போராடியபோது அவர்களின் பிரதிநிதிகளை அழைத்துப் பேசினார். 1991 முடிவதற்குள் அந்த முதியவர்கள் பதவி விலகினர். 1995-இல், கோமின்டாங் அரசு தைவான் மக்களைக் கொன்று குவித்த 1947 பிப்ரவரி 28 படுகொலைக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 1996-இல் சீனா ஏவுகணைகளைக் கடலில் பாய்ச்சி மிரட்டிய நேரத்தில் நடந்த முதல் நேரடி அதிபர் தேர்தலில் 54 சதவீத வாக்குகள் பெற்று வென்றார்.

என் தராசு லீயின் பக்கமே சாய்கிறது. ஒரு தலைவர் அடக்குமுறையைக் கைவிடுவது வேறு. தன்னை வீட்டுக்கு அனுப்பும் உரிமையை மக்களிடம் கொடுப்பது வேறு. ஆனாலும் லீயைப் புனிதராக்க வேண்டாம். கட்சிக்குள் இருந்த பழமைவாதிகளை வெல்ல உள்ளூர்ச் செல்வாக்கு மனிதர்களையும் பணக்காரர்களையும் அணைத்துக்கொண்டார். 'கறுப்புத் தங்க அரசியல்' என்று தைவானியர் வசைபாடுவது இதைத்தான். ஒரு மாற்று அரசியல் சாசன வரைவை வெளியிட்டதற்காகத் தேசத்துரோக வழக்கைச் சந்தித்த பத்திரிகையாளர் செங் நான்-ஜுங், 1989 ஏப்ரலில் தன் அலுவலகத்தில் தீக்குளித்தபோது அதிபராக இருந்ததும் லீதான்.

லீயைத் துணை அதிபராக்கியவரே சிங்-குவோதானே என்பது கோமின்டாங் தரப்பின் வலுவான வாதம். ஆனால் அதே கட்சி, 2000 தேர்தலில் ஜனநாயக முற்போக்குக் கட்சியின் சென் ஷுய்-பியானிடம் ஆட்சியை இழந்ததும் பழியை லீ மீது போட்டு, 2001-இல் அவரை வெளியேற்றியது. மறுபுறம், லீயின் காலத்தில் அரசு ஆலோசகராக இருந்து, பின்னர் ஜனநாயக முற்போக்குக் கட்சியின் சார்பில் அதிபரான சாய் இங்-வென், 2022 ஜனவரியில் அதிபராகச் சிங்-குவோவின் பெயரிலான நூலகத் திறப்பு விழாவுக்குப் போனார். சீனக் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகத் தைவானைக் காத்தவர் என்று அவரைப் பாராட்டியும் பேசினார். முகம் சுளித்தவர்களில் சாயின் சொந்தக் கட்சிக்காரர்களும் இருந்தார்கள்.