மூணு குழந்தைங்க, ரெண்டு ரூம், வீட்டுக்கல்வி: மாண்டிசோரியா, சார்லட் மேசனா, அன்ஸ்கூலிங்கா, இல்ல நம்ம பாடப்புத்தகமே போதுமா?

ஒரே குழந்தை இருக்குற வீட்டுக்கு எந்த முறை எடுத்தாலும் எப்படியாவது செட் ஆயிடும். எட்டு, அஞ்சு, ரெண்டுன்னு மூணு பேர், வாடகை வீடு, ஒரு சம்பளம், அதுலயும் பொருள் சேர்க்காம எளிமையா வாழணும்னு நினைக்கிறவங்களுக்கு எது ஒத்து வரும்ங்கிறது தான் கஷ்டமான கேள்வி. எங்க வீடும் அப்படித்தான். அதனால ஒவ்வொரு முறையையும் காலைல பத்து மணிக்கு, அடுப்புல குழம்பு கொதிக்கும்போது, அது நிக்குமான்னு வச்சு தான் பாக்குறேன்.

முதல்ல மாண்டிசோரி, குழந்தை பொருள கையால தொட்டு தானா கத்துக்குற முறை. மரியா மாண்டிசோரி 1939ல அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்கு பயிற்சி குடுத்தவங்க, போர் வந்து அவங்க இத்தாலிக்காரங்கங்கிறதால ஊருக்கு திரும்ப முடியாம கொஞ்ச காலம் கொடைக்கானல்ல கூட இருந்தாங்க, அதனால இத வெளிநாட்டு சமாச்சாரம்னு ஒதுக்க வேண்டியதே இல்ல. மூணு வயசுல இருந்து ஆறு வயசு வரைக்கும் ஒரே ரூம்ல கலந்து இருக்கணும்ங்கிறது அவங்க முறையோட அடிப்படை, அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி இருக்குற வீட்டுக்கு இத விட பொருத்தமா என்ன வேணும். பிரச்சனை பொருள்ல தான் வருது. பிங்க் டவர்ங்கிற மரக்கட்டை அடுக்கு, எண்ணிப் பழகுற தங்க நிற மணி, உருளைகள்னு முழு செட் வாங்கினா காசும் போகும், அலமாரியும் நிறைஞ்சிடும், ரெண்டு வயசு மணிய வாயில போட்டுக்கும். அதுலயும் விரலால தடவிப் பழக கடைல கிடைக்குற எழுத்துப் பலகை பெரும்பாலும் இங்கிலீஷ் எழுத்து தான். தமிழுக்கு நம்மளே உப்புத்தாள் வெட்டி அட்டைல ஒட்டிக்கலாம், 247 எழுத்துக்கும் வெட்டணும்னு பயப்பட வேணாம், உயிர் 12, மெய் 18, துணைக்கால், கொம்பு வெட்டினாலே பாதி வேலை முடிஞ்சிடும், கு சு டு து மாதிரி உகர ஊகார வரிசை மட்டும் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு உருவம், அத தனியா தான் செய்யணும். ஆனா இந்த முறைல காசே செலவாகாத பகுதி ஒண்ணு இருக்கு, அது தான் எனக்கு ரொம்ப புடிச்சது: பட்டாணி உரிக்கிறது, சொம்புல இருந்து டம்ளருக்கு தண்ணி ஊத்துறது, துண்டு மடிக்கிறது. ரெண்டு வயசுக்கு இதுவே முழுப் பாடம்.

சார்லட் மேசன் இங்கிலாந்துக்காரங்க, 1842ல பொறந்து 1923ல இறந்தவங்க. ஆறு வயசு வரைக்கும் உக்கார வச்சு பாடம் வேணாம், அதுக்கப்புறமும் சின்ன வயசுல ஒரு பாடம் பதினஞ்சு இருபது நிமிஷம் தாண்டக் கூடாது, நல்ல புத்தகத்த ஒரே ஒரு தடவ வாசிச்சுட்டு குழந்தைய அத திருப்பிச் சொல்லச் சொல்லணும், மீதி நேரம் வெளில போய் மரம் செடி பறவை பாக்கணும். அவ்வளவு தான். பல வயசு புள்ளைங்க இருக்குற வீட்டுக்கு நான் பாத்ததுல இது தான் நல்லா நிக்குது, ஏன்னா கதை எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவ வாசிச்சா போதும், பெரியவன் விவரமா சொல்வான், நடுவுள்ளவ அவன் விட்டத எடுத்துக் குடுப்பா, கடைக்குட்டி மடில உக்காந்து காது குடுக்கும். குறை என்னன்னா அந்த புத்தகப் பட்டியல். எல்லாம் அவங்க ஊர் பனி, அவங்க ஊர் ராபின், அவங்க ஊர் ராஜா. அத இறக்குமதி பண்ணி வாங்குறவங்கள பாக்குறப்ப மனசு கஷ்டமா இருக்கு. நமக்கு தெனாலிராமனும் பஞ்சதந்திரமும் இருக்கு, ஊர் நூலகம் இருக்கு, ஸ்டோரிவீவர் வலைதளத்துல தமிழ்க் கதைங்க இலவசமாவே படிக்கலாம், வாசல்ல தவிட்டுக்குருவி கூட்டமா வந்து கத்துது, செம்போத்து எங்க இருந்து கூவுதுன்னு தேடினாலே ஒரு காலை ஓடிடும். முறைய எடுத்துக்கோங்க, பட்டியல விட்டுடுங்க.

அன்ஸ்கூலிங் அமெரிக்காவுல ஜான் ஹோல்ட் 1977ல பத்திரிகை ஆரம்பிச்சு பரப்பின யோசனை, பாடத்திட்டமே வேணாம், குழந்தை வாழ்க்கைல இருந்து தானா கத்துக்கும்னு. எளிமையா வாழுறவங்களுக்கு இது மேல பெரிய ஆசை, எனக்கும் மரியாதை உண்டு. தோட்டம், மாடு, தச்சுப் பட்டறை, தறி, கூடவே தாத்தா பாட்டின்னு வீட்ல ஏதாவது நடந்துக்கிட்டே இருந்தா அற்புதமா ஓடும். மூணாவது மாடி ஃப்ளாட்ல ஒரு ஆள் சமைச்சு துவைச்சு கைக்குழந்தையும் பாத்துக்கிட்டு இருக்குற வீட்ல அந்த காலி இடத்துக்குள்ள வந்து உக்கார்றது ஃபோன் தான். அதனால வீட்ல வேலை நடக்குதா, கூட ஆள் இருக்கான்னு பாத்துட்டு தான் இதுல இறங்கணும்.

நம்ம மாநில பாடப்புத்தகம் பத்தி சுருக்கமா. பிடிஎஃப் இலவசம், 2022ல வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தோட பயிற்சி நூல் ஒண்ணுல இருந்து மூணாம் வகுப்பு வரைக்கும் உருப்படியா இருக்கு. ஆனா முழுசா இதையே புடிச்சா மூணு குழந்தைக்கு மூணு வகுப்பு, ஒரு அம்மா மூணு டீச்சர் ஆகணும், அது நடக்காது. கணக்குக்கு மட்டும் எடுத்துக்கிட்டா ரொம்ப நல்லது, கணக்கு தான் படி படியா போக வேண்டிய பாடம். சின்னவங்களுக்கு பல்லாங்குழியும் புள்ளிக் கோலமும் கூட சேர்த்துக்கோங்க.

ஆக என் தேர்வு: நாளோட எலும்புக்கூடு மேசன், கடைக்குட்டிக்கு மாண்டிசோரியோட சமையலறை வேலை, கணக்குக்கு அரசு புத்தகம், மத்தியானத்துக்கு மேல அன்ஸ்கூலிங்.

சட்டம், பரீட்சை பத்தி கேக்குறவங்களுக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6ல இருந்து 14 வயசு வரைக்கும் பேசுது, வீட்டுக்கல்விக்குன்னு தனியா பதிவு முறை எதுவும் கிடையாது. ஆனா அதே சட்டத்தோட 4வது பிரிவுப்படி பள்ளிக்கே போகாத குழந்தையையும் வயசுக்கேத்த வகுப்புல சேர்த்துக்கணும், அதனால திரும்பிப் போற கதவு தொறந்தே இருக்கு. பத்தாவதுக்கு என்.ஐ.ஓ.எஸ்ல, அதாவது மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளில, 14 வயசு ஆனா எழுதலாம், அஞ்சு பாடம், தேறலைன்னாலும் பதிவு அஞ்சு வருஷம் செல்லும், அவசரம் இல்லாம எழுதலாம். மாநிலத்துல தனித்தேர்வரா எட்டாவது எழுதி அப்புறம் பத்தாவது எழுதுற வழியும் உண்டு, தமிழ் நல்லா வர்ற புள்ளைங்களுக்கு செலவு கம்மியான வழி அது. பத்தாவதுக்கு சமமா வெளிநாட்டு வாரியம் நடத்துற கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ பரீட்சைக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் கட்டணம், மூணு புள்ளைன்னா அது எளிமை வாழ்க்கைல சேராது.

இன்னொண்ணு, இத யாரும் பேசுறதில்ல. புதுமைப் பெண் திட்டத்துல பொண்ணுங்களுக்கு காலேஜ் படிக்கும்போது மாசம் 1000 ரூபாயும், மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் கிடைக்கணும்னா ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசு பள்ளில படிச்சிருக்கணும், புதுமைப் பெண்ணுக்கு மட்டும் அரசு உதவி பெறும் பள்ளில தமிழ் வழில படிச்சிருந்தாலும் செல்லும். ஒரு சம்பள வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்ல. அதனால மூத்தது அஞ்சாம் வகுப்பு வயச முடிக்கிறதுக்குள்ள அப்பா அம்மா ரெண்டு பேரும் உக்காந்து, அந்தப் புள்ளையையும் கூட வச்சுக்கிட்டு, தொடரலாமா இல்ல ஆறாவதுல சேர்த்துடலாமான்னு பேசிடுங்க.