கசானேயா, கத்திமா முலிலோவா?

ஆப்பிரிக்காவில் எல்லையோர ஆற்றங்கரை ஊர் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் போட்ஸ்வானாவின் கசானேயில் போய் நிற்பார்கள். அங்கிருந்து சாலையில் சுமார் 120 கி.மீ தள்ளி, நமீபியாவின் வடகிழக்கு மூலையில் கத்திமா முலிலோ இருக்கிறது. அதை யாரும் கண்டுகொள்வதில்லை, வழியில் பெட்ரோல் போடுவதோடு சரி. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யானை பார்க்க கசானே, ஆறும் ஊரும் பார்க்க கத்திமா. இரண்டே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் யோசிக்காமல் கசானே.

கசானே இருப்பது சோபே ஆற்றின் கரையில், எதிர்க்கரை நமீபியா. சோபே தேசியப் பூங்காவின் வாசல் ஊரை ஒட்டியே இருப்பதால் காலையில் ஜீப், மாலையில் படகு என்று ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாம். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் படகை எடுங்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை உள்ளே காட்டில் தண்ணீர் வற்றிப்போவதால் யானைகள் கூட்டம் கூட்டமாக ஆற்றுக்கு இறங்கும், சில குட்டியோடு நீந்தி செடுடு தீவுக்குப் போய்ப் புல் மேயும், நீங்கள் படகில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கிட்டத்தில் பார்க்கலாம். அந்தத் தீவுக்காக இரண்டு நாடுகளும் சர்வதேச நீதிமன்றம் வரை போய், 1999 டிசம்பரில் அது போட்ஸ்வானாவுக்குத்தான் என்று தீர்ப்பானது. நமீபியர்கள் இன்னும் கசிகிலி என்றுதான் சொல்வார்கள். யானைக்கு இதெல்லாம் எங்கே தெரியும்.

ஆனால் ஊர் என்று பார்த்தால் கசானேயில் பெரிதாக ஒன்றுமில்லை. லாட்ஜ்கள், டூர் அலுவலகங்கள், இரண்டு மூன்று கடைகள், தெருவில் சாவகாசமாக நடந்துபோகும் காட்டுப்பன்றிகள். விலையெல்லாம் வெளிநாட்டுக்காரர்களை மனதில் வைத்துப் போட்டது. சீசனில் வண்டிக்குப் பின் வண்டியாக ஒரே சிங்கத்தைச் சுற்றி நிற்பதும் உண்டு.

கத்திமா அப்படியில்லை. 1935இல் நிர்வாகத் தலைநகராக உருவான ஊர், இன்று சாம்பேசி மாகாணத்தின் தலைநகர். 2013 வரை இந்த மாகாணத்துக்கு கப்ரிவி என்று பெயர். அன்று நமீபியாவை ஆண்ட ஜெர்மானியர்கள் 1890இல் பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டு சாம்பேசி ஆற்றை எட்டுவதற்காக வாங்கிய நீளவாக்குத் துண்டு நிலம் இது. ஆறு வழியாகக் கிழக்குக் கடலுக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டார்களாம், நடுவில் விக்டோரியா அருவி இருக்கிறதே! அந்தக் கணக்கு பொய்த்தாலும் நமக்கு லாபம்தான். இங்கே சாம்பேசி அகலமாக ஓடுகிறது, அக்கரையில் சாம்பியாவின் செஷேகே, நடுவே 2004இல் திறந்த பாலம். சந்தைக்குப் போனால் காய்ந்த மீன், மொபானிப் புழு (சாப்பிடுகிற கம்பளிப்புழு வகை), மக்காச்சோள மாவு, சிலோசி மொழியில் பேரம் என்று முழுக்க உள்ளூர்க்காரர்களின் வாழ்க்கை. டைகர் மீன் பிடிக்கிற ஆசை இருந்தால் இந்தப் பகுதியை விட்டு நகரவே மாட்டீர்கள். குளிக்கலாமா என்று மட்டும் கேட்காதீர்கள், முதலையும் நீர்யானையும் இருக்கின்றன.

1999 ஆகஸ்டில் கப்ரிவியைத் தனிநாடாக்கக் கேட்ட பிரிவினைவாதிகள் கத்திமாவைத் தாக்கினார்கள், அந்தப் பழைய பயம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. இப்போது ஊர் அமைதியாக இருக்கிறது.

ஒரு வேடிக்கை. மன்னாரில் பெருக்கமரம் என்பார்களே, அந்த பாவோபாப் இரண்டு ஊரிலும் பேர்பெற்றது. கசானேயில் அதன் பொந்தைச் சிறையாக வைத்திருந்தார்கள், கத்திமாவில் ஃப்ளஷ் கழிப்பறை. இந்தப் போட்டியில் கத்திமாவுக்கே என் ஓட்டு.

போய்ச் சேருவதில் கசானேதான் சுலபம். விக்டோரியா அருவி 80 கி.மீ பக்கம். சாம்பியாவுக்குள் போக 2021இல் திறந்த கசுங்குலா பாலம் இருக்கிறது, முன்பு போல லாரிகளோடு மிதவைப் படகுக்குக் காத்துக்கிடக்க வேண்டாம். கத்திமாவுக்கு நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹூக்கிலிருந்து 1,200 கி.மீக்கும் மேல். செஷேகே வழியாக சாம்பியாவின் லிவிங்ஸ்டன் ஊருக்குப் போகும் சாலையோ குழிகளுக்குப் பேர்போனது. மலேரியா மாத்திரை இரண்டு ஊருக்குமே வேண்டும்.

இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதானால் கத்திமாவில் தொடங்கி என்கோமா எல்லை வழியாக கசானேக்குப் போங்கள். எல்லை தாண்டியதும் சாலை சோபே பூங்காவுக்குள்ளேயே போகிறது, கடந்துபோக மட்டும் என்றால் நுழைவுக் கட்டணம் கிடையாது, யானை குறுக்கே வந்தால் அதுவும் இலவசம். இருட்டில் மட்டும் ஓட்டாதீர்கள். வாடகைக் கார் என்றால் எல்லை தாண்ட நிறுவனத்தின் கடிதம் கட்டாயம் கையில் இருக்க வேண்டும். பச்சை இறைச்சி வாங்கி வைத்திருந்தால் கோமாரிக் கட்டுப்பாட்டில் பிடுங்கிக்கொள்வார்கள், கத்திமாவிலேயே சமைத்துச் சாப்பிட்டுவிடுங்கள். நமீபியாவில் தென்னாப்பிரிக்க ரேண்ட் செல்லும், போட்ஸ்வானா பக்கம் போனால் அங்கத்திய பணமான பூலா மாற்றிக்கொள்ள வேண்டும்.