மேடவாக்கம் விட்டு கோட்டையூர்: ஆறு வருஷம் குடியிருந்த கணக்கு

2019 கோடையில் சென்னை மேடவாக்கத்தில் எங்கள் அபார்ட்மெண்டுக்குத் தண்ணி லாரி புக் செய்தால் பதினெட்டு நாள் கழித்து வந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அந்த வருஷம். நான் ஜிஎஸ்டி கணக்கு ஃபைல் செய்து பிழைப்பவன். வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் பில் அனுப்புவார்கள். நான் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை. "அப்புறம் எதுக்கு இங்க இருபத்தோராயிரம் வாடகை?" என்று மனைவி கேட்டாள். பதில் இல்லை. ஆகஸ்டில் காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூருக்குச் சாமான்களை ஏற்றிவிட்டோம். இங்கே எங்களுக்குச் சொந்தம் பந்தம் எதுவும் கிடையாது. மனைவியின் தோழி ஒருவர் காரைக்குடியில் வேலை பார்த்தார், அவ்வளவுதான்.

இப்போது மாதம் இரண்டு பேராவது போன் செய்து, "செட்டிநாட்டுப் பக்கம் வந்துடலாமா?" என்று கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதிவிடுகிறேன்.

கேட்பவர்களில் பாதிப் பேர் மனதில் பர்மா தேக்குத் தூணும் முற்றமும் வைத்த பெரிய வீடு இருக்கிறது. அதை மறந்துவிடுங்கள். எங்கள் பக்கத்து வீடே அப்படிப்பட்டதுதான். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பதினோரு புள்ளிக்குப் பாத்தியப்பட்டது. புள்ளி என்றால் செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்தின் கணக்கில் கல்யாணமான ஒரு குடும்பம். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அவன் தனிப் புள்ளி, கோயில் வரியும் தனி. பதினோரு புள்ளியில் இரண்டு மலேசியாவில், ஒன்று அமெரிக்காவில், மீதி சென்னையிலும் கோவையிலும். ஓர் ஓடு மாற்றவே எல்லாருடைய சம்மதமும் வேண்டும் எனும்போது உங்களுக்கு வாடகைக்கு விட யார் கையெழுத்துப் போடுவது? ஒரு வயதான அம்மா தினமும் சாயங்காலம் வந்து வளவை, அதாவது உள்முற்றத்தை, கூட்டி விளக்கேற்றிவிட்டுப் பூட்டிக்கொண்டு போகிறார். 2023 தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக அந்த வீட்டைத் திறந்தார்கள். மூன்று நாள் தெருவில் கார் நிறுத்த இடமில்லை. முற்றத்துக்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டில் அடுப்பு எரிந்த வாசனை எங்கள் வீட்டுத் திரைச்சீலையில் ஒரு வாரம் இருந்தது. நான்காம் நாள் காலையில் பழையபடி பூட்டு.

எங்களுக்குக் கிடைத்தது அந்தத் தெருவிலேயே ஒரு சின்ன வீடு. திண்ணை, ஒரு கூடம், இரண்டு அறை, பின்னால் கிணறு. வாடகை எட்டாயிரம், இப்போது பத்து. கூடத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தது. அதில்தான் எங்கள் முதல் அசட்டுத்தனம். குடிவந்த வாரமே, பழைய வீடாயிற்றே, நன்றாகத் தேய்த்துவிடலாம் என்று பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து ஊற்றினோம். நுரைத்துக்கொண்டு வந்தது. கழுவி முடித்துப் பார்த்தால் வாசல் பக்கம் ஆறு கல்லில் சிவப்பு வெளுத்து, பவுடர் பூசிய முகம் மாதிரி ஆகிவிட்டது. மறுபக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "என்னாத்தா இப்புடிப் பண்ணிட்ட? சிமிண்டுக் கல்லுல ஆசிட்டு ஊத்தலாமா? தேங்கா எண்ணெயத் துணியில தொட்டுத் தொடச்சாப் போதுமே" என்றார்.

மாற்றுக் கல் தேடி ஆத்தங்குடிக்கே போனோம். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவத்தில் தகர அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் சாயம் கலந்த சிமெண்டுப் பாலைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை நேராக மேலே தூக்கும்போது கை கொஞ்சம் நடுங்கினாலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். எங்களுக்குச் செய்துகாட்டியவர் பேசிக்கொண்டே இருந்தவர், அந்த ஒரு நொடி மட்டும் வாயை மூடிக்கொண்டார். அப்புறம் மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, கலவை போட்டுச் சமன் செய்து, காயவைத்துத் தண்ணீரில் போடுகிறார்கள். கண்ணாடியை எடுத்தால் அந்தப் பளபளப்பு தானாக வந்துவிடுகிறது, பாலிஷ் கிடையாது. ஆறு கல் வாங்கி வந்து பதித்தோம். பழைய சிவப்போடு புதுச் சிவப்பு இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

சரி, செலவு. வாடகையில் மிச்சம் உண்டு, பால், காய்கறியிலும் உண்டு, பெட்ரோலில் நிறைய உண்டு. ஆனால் மேடவாக்கத்தில் இல்லாத ஒரு தலைப்பு இங்கே என் நோட்டில் ஏறியிருக்கிறது: மொய். முதல் வருஷம் நான்கு பத்திரிகை வந்தது. போன வருஷம் முப்பத்தேழு. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுவீடு. ஆவணியும் தையும் வைகாசியும் வந்தால் என் வீட்டில் ஐநூறு ரூபாய்த் தாள் தங்குவதில்லை. இதைக் கழித்துப் பார்த்தாலும் மாதம் ஒன்பதாயிரம் போல மிச்சம்தான். மலிவு என்று நம்பி வருகிறவர்கள் இந்த வரியை விட்டுவிட்டுக் கணக்குப் போடாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், ஆகவே ஒன்றே ஒன்று. சென்னை ஓட்டல்களில் செட்டிநாடு என்ற பெயரில் மிளகாய்த்தூளைக் கொட்டிக் கொடுக்கிறார்களே, அதற்கும் இங்கே வீட்டில் சமைப்பதற்கும் சம்பந்தமில்லை. வெள்ளைப் பணியாரத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மா சொன்ன அளவு: பச்சரிசியை ஒரு ஆழாக்கு தலைதட்டி எடுத்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாக நிற்கும் வரை போடு, கீழே சிந்த ஆரம்பித்ததும் நிறுத்து. கிராம் கணக்கில் எழுதி வைத்து மனைவி செய்தபோது சரியாக வரவில்லை. கோபுரம் கட்டிச் செய்தால் வருகிறது.

அடுத்தது, "மனுஷங்க நல்லவங்களா?" நல்லவர்கள்தான். ஆனால் வந்த புதிதில் ஒவ்வொருவரும் கேட்ட முதல் கேள்வி ஊர், இரண்டாவது கேள்வி ஜாதி. நேராகக் கேட்க மாட்டார்கள். "நீங்க எந்தப் பக்கம்?", "வீட்ல சைவமா?" என்று சுற்றி வளைப்பார்கள். இரண்டு வீடுகளில் அதற்கு நாங்கள் சொன்ன பதிலைக் கேட்டபின் வீடு திடீரென்று வாடகைக்கு இல்லாமல் போயிற்று. இதை மறைத்து ஊரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரி இன்னொரு குறை. 2022 ஐப்பசியில் ராத்திரி ஒன்பது மணிக்கு என் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார். அருகில் இருந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர் வீட்டுக்குப் போய்விட்டார், மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். கிட்டத்தட்ட தொண்ணூறு கிலோமீட்டர். தெருமுனை டீக்கடைக்காரர் கடையை அப்படியே தம்பியிடம் விட்டுவிட்டு, கார் பிடித்து, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் கூப்பிடவில்லை. இடுப்பு ஆபரேஷன் முடியும்வரை மூன்று நாள் ஆஸ்பத்திரி வராண்டாவில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். மேடவாக்கத்தில் ஆம்புலன்ஸ் பதினைந்து நிமிஷத்தில் வந்திருக்கும், இப்படி ஒருவர் வந்திருக்க மாட்டார். வயதான பெற்றோர், இதய நோயாளி வீட்டில் இருந்தால் இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பையனுக்கு இங்கே வேலை கிடைக்கவில்லை. கல்வி வள்ளல் அழகப்பச் செட்டியார் பிறந்த ஊர் இது. அவர் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகமும், அவர் தொடங்கிய கல்லூரிகளும் இருப்பதால் காரைக்குடியில் படிக்க வழி நிறைய. படித்து முடித்தால் மட்டும் விடிகாலைப் பல்லவன் ரயிலில் ஏறி எழும்பூர்தான். என் மகனும் அப்படித்தான் போனான்.

போன வைகாசியில் டீக்கடைக்காரரின் சின்ன மகளுக்குக் கல்யாணம். "அண்ணே, நீங்க கணக்குப் பாக்குறவுக, மொய் எழுத உக்காந்துருங்க" என்று மேஜையில் உட்காரவைத்துவிட்டார். யார் எவ்வளவு செய்தார்கள் என்று ஒத்துப்பார்க்க, 2020இல் மூத்த மகள் கல்யாணத்துக்கு எழுதிய பழைய நோட்டையும் பக்கத்தில் வைத்தார்கள். புரட்டினால் நடுவில் என் வரி: "மெட்ராஸ்காரர், 500." பெயர்கூட இல்லை. இந்த முறை நானே எழுதுகிறேன் அல்லவா, ஆயிரம் ரூபாயை வைத்து, பெயரையும் எழுதி, ஊர் என்ற இடத்தில் கோட்டையூர் என்று போட்டேன். பணம் எண்ணிக்கொண்டிருந்த பெரியவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பக்கத்துல மெட்ராஸ்காரர்னு ஒரு வார்த்தை போட்ருங்க தம்பி. இல்லாட்டி நாளைக்கு யாருன்னு எங்களுக்குத் தெரியாது."

போட்டுவிட்டேன்.