கும்பகோணத்தில் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்து ஏமாந்தேன்: நீங்களாவது கவனமாக இருங்கள்

வீட்டு மூலையில் பழைய கணினி கிடக்கிறது, அதிலுள்ள படங்களையும் கோப்புகளையும் லேப்டாப்புக்கு மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். கும்பகோணத்துக் கடையொன்றில் 7,700 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனதைவிட, அப்பாவின் எழுத்து முழுவதும் அழிந்துவிட்டது என்று நம்பிக் கிடந்த நாட்களைத்தான் மறக்க முடியவில்லை.

அப்பா தமிழாசிரியர். அரசலாற்றுப் பாசனத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் இருக்கிறது. மேட்டூரை என்றைக்குத் திறந்தார்கள், கல்லணையை என்றைக்குத் திறந்தார்கள், எங்கள் வாய்க்காலில் தண்ணீர் எந்த நாள் எந்த நேரத்தில் தலைகாட்டியது, என்றைக்கு நாற்று விட்டோம் என்று ஆண்டுதோறும் குறித்து வைப்பார். ஜூன் 12 என்று ஊரெல்லாம் சொல்லும் நாளுக்கும் எங்கள் மடைக்குத் தண்ணீர் வந்து சேரும் நாளுக்கும் உள்ள இடைவெளிதான் விவசாயியின் கதை என்பார். 2006இல் கணினி வாங்கியதும் பழைய நோட்டுகளில் இருந்ததையெல்லாம் உட்கார்ந்து தட்டச்சு செய்தார். நோட்டுகளைப் பின்னாளில் கரையான் தின்றுவிட்டது. சென்ற ஆண்டு அப்பா காலமான பிறகு, எஞ்சியது அந்த 80 ஜி.பி. ஹார்டு டிஸ்க் ஒன்றுதான்.

கணினியின் பவர் சப்ளை எப்போதோ போய்விட்டது. டிஸ்க்கை மட்டும் கழற்றிக் கடைக்கு எடுத்துச் சென்றேன். அது ஐ.டி.இ. என்ற பழைய இணைப்பு வகை. பட்டையான கேபிளும் 40 ஊசிகளும் கொண்டது. 2003 முதல் சாட்டா என்ற புதிய இணைப்பு வகை வரத் தொடங்கி, மெல்ல மெல்ல ஐ.டி.இ. மறைந்துபோனது. இன்றைய கணினிகளில் அதைச் செருக இடமே கிடையாது. யு.எஸ்.பி. அடாப்டர் ஒன்றின் வழியாகத்தான் இணைக்க வேண்டும். "பத்து நிமிட வேலை அக்கா, 700 ரூபாய் கொடுங்கள்" என்றார் கடைத் தம்பி.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. யு.எஸ்.பி. வழியே 5 வோல்ட்தான் கிடைக்கும். மேசைக் கணினியின் பெரிய டிஸ்க்குக்கு, உள்ளே தரவு பதிந்திருக்கும் தட்டைச் சுழற்ற 12 வோல்ட்டும் வேண்டும். அதனால் அடாப்டரோடு தனியாக சார்ஜர் போன்ற ஒரு மின்கட்டையும் நான்கு கம்பிகள் கொண்ட பிளக்கும் வரும். மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பு. பிளக்கின் ஒரு பக்கத்து மூலைகள் இரண்டும் சரிவாக வெட்டப்பட்டிருக்கும். சரியான பக்கம் வைத்தால்தான் உள்ளே போக வேண்டும். ஆனால் மலிவான அடாப்டர்களில் பிளாஸ்டிக் இளகலாக இருக்கும். பலத்தோடு அழுத்தினால் தலைகீழாகவும் போய்விடும். போனால், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாயும்.

அந்தத் தம்பி கட்டை விரலால் அழுத்தி அழுத்திச் செருகியதை நான் பார்த்தேன். சுவிட்சைப் போட்டதும் கருகிய வாடை வந்தது. "என்ன தம்பி வாடை?" என்று கேட்டேன். "பழைய டிஸ்க் அப்படித்தான் அக்கா" என்றார். ஐந்து நிமிடத்தில் கடை உரிமையாளர் வந்து, "ஹெட் போய்விட்டது, சென்னைக்கு அனுப்ப வேண்டும். மொத்தம் 18,000 ஆகும், முன்பணம் 7,000" என்றார். ஹெட் என்பது தட்டிலிருந்து தரவைப் படிக்கும் முனை. அது பழுதான டிஸ்க் பெரும்பாலும் சுழலும், டிக் டிக்கென்று தட்டும். சுழலாமல், சத்தமே இல்லாமல் கிடந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிஸ்க்கின் அடியில் உள்ள மின்பலகையை. இது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அப்பாவின் எழுத்தாயிற்றே என்று பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

டிஸ்க்கை நானே துணியில் சுற்றி, செய்தித்தாளில் பொதிந்து, பழுப்பு டேப் ஒட்டி, டேப்பும் தாளும் சேரும் இடத்தில் குறுக்காகக் கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்தேன். விடைத்தாள் கட்டுகளை அப்பா அப்படித்தான் கட்டுவார். கண்டு கண்டு எனக்கும் படிந்த பழக்கம்.

மூன்று வாரம் கழித்து அழைத்தார்கள். "சென்னையில் பார்த்துவிட்டார்கள், ஒன்றும் எடுக்க முடியவில்லை. முன்பணம் ஆய்வுக் கட்டணமாகப் போய்விட்டது." கையில் கொடுத்த பொட்டலம் நான் ஒட்டிய அதே டேப்போடு, என் கையெழுத்து ஒரு கோடு பிசகாமல் இருந்தது. பிரிக்கவே இல்லை! பிரிக்காத பொட்டலத்துக்குள் இருந்த டிஸ்க்கை யார் ஆய்வு செய்தார்கள்? கேட்டேன். கூரியர் ரசீதையும் கேட்டேன். உரிமையாளர் பதில் சொல்லவில்லை, வேறு வாடிக்கையாளரிடம் பேசத் தொடங்கினார்.

பொட்டலத்தை நாலாபுறமும் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு ஒரு தோழி சொல்லித் திருச்சியில் ஒருவரிடம் போனேன். பிரிப்பதைக் காணொளியாக எடுக்கச் சொன்னவர் அவரேதான். பலகையைத் திருப்பி, மீட்டர் வைத்துப் பார்த்து, அரிசி அளவுள்ள ஒரு கறுப்பு டயோடைக் காட்டினார். மிகை மின்சாரம் வந்தால் தான் பலியாகி மற்றவற்றைக் காப்பதற்காகவே வைக்கப்பட்ட உறுப்பு அது. ஷார்ட் ஆகிக் கிடந்தது. "யாரோ பிளக்கைத் தலைகீழாகச் செருகியிருக்கிறார்கள் அம்மா. தட்டுக்கும் ஹெட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்கிறேன்" என்றார். டயோடைக் கழற்றினார். இனி இந்த டிஸ்க்குக்குப் பாதுகாப்பு கிடையாது, இந்த ஒரு முறையிலேயே முழுவதையும் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் மின்சாரம் கொடுத்தார். டிஸ்க் சுழலும் ஓசை கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் வேலை செய்த விதத்தையும் சொல்ல வேண்டும். டிஸ்க்கின் பின்பக்கம் ஊசிகளை இணைக்கும் ஜம்பர் என்ற சிறு துண்டு, மாஸ்டர் (முதல் டிஸ்க்) நிலையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். ஸ்லேவ் (இரண்டாம் டிஸ்க்) நிலையில் இருந்தால் பல அடாப்டர்களுக்கு டிஸ்க் தெரியாதாம். விண்டோஸில் இணைக்கவில்லை. பழைய டிஸ்க்கில் ஏதாவது குறை கண்டால் விண்டோஸ் 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்கும், அவசரத்தில் யாராவது சரி என்று அழுத்திவிட்டால் தொலைந்தது. லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தில் டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக நகலெடுத்து, அந்த நகலிலிருந்துதான் கோப்புகளைப் பிரித்தார். வாங்கிய கட்டணம் 1,500 ரூபாய்.

வீட்டில் கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறிக் கிடந்தன. கெட்டுப்போன கோப்பு என்று அண்ணன் மகன் அழிக்கப் போனான். அது பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய எழுத்துரு. அந்த எழுத்துருவை நிறுவியதும் அப்பாவின் தமிழ் அப்படியே வந்தது. பிறகு, இன்றைய பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டேன். பழைய தமிழ்க் கோப்புகளை இப்படித் தவறாக எண்ணி அழித்துவிடாதீர்கள்.

கடையில் கொடுப்பதென்றால் டிஸ்க்கின் மேலுள்ள வரிசை எண்ணைப் படம் எடுத்து வையுங்கள், ரசீதில் அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள், உங்கள் கண் முன்னால் இணைக்கச் சொல்லுங்கள். மின் பிளக்கின் சரிவான மூலைகளைப் பார்க்காமல் செருகப் போனால் கையைப் பிடித்துத் தடுங்கள். கருகிய வாடை வந்தாலோ தட்டும் சத்தம் கேட்டாலோ அந்த நொடியே மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மூடியைத் திறந்து பார்க்கிறேன் என்று எவராவது சொன்னால் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். தட்டில் ஒரு தூசி விழுந்தாலும் மீட்பது கடினம்.

நான் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறேன். கடைக்கு எழுத்து மூலமாக அறிவிப்பும் அனுப்பியாயிற்று. பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. டேப் ஒட்டிய அந்தச் செய்தித்தாளையும், 7,700 ரூபாய்க்கான ரசீதையும், டயோடையும் ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.