லெவல் ஏற்றிய பிறகு ஈவென்ட்டில் தோற்பது ஏன்? நீண்ட நாள் ஆடிப் பார்த்ததில் தெரிந்தவை

மொபைல் கேம் போட்டி ஈவென்ட்டுகளில் மாதக்கணக்கில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு நாள் கேட்கிற கேள்வி: "ஹீரோவை ஏத்துன பிறகுதான் பாஸை அடிக்க முடியல, அது எப்படி?" ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டீமின் பவர் (மொத்த பலத்துக்குக் கேம் போடும் எண்), பாஸ் என்கிற பெரிய எதிரியின் ஹெச்பி (உயிர் அளவு), முடிக்க ஆன நொடி ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வந்தால் விடை தானாகத் தெரியும். கேம் உங்கள் பலத்தை ஒரு கோலால் அளக்கிறது, ஸ்கோரை வேறொரு கோலால் போடுகிறது. அநியாயம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

கணக்காகப் பாருங்கள். உங்கள் பவர் ஏறினால் அதே விகிதத்தில் பாஸின் ஹெச்பியையும் ஏற்றுகிற ஈவென்ட் என்று வைத்துக்கொள்வோம். டீம் பவர் 12,000, பாஸின் ஹெச்பி 12 லட்சம், உங்கள் டேமேஜ் (அடியால் எதிரி இழக்கும் ஹெச்பி) நொடிக்கு 10,000 என்றால் 120 நொடியில் பாஸ் விழும். நேர வரம்பு 125 நொடி, ஜெயித்துவிட்டீர்கள். இப்போது டாங்க் ஹீரோவுக்கு (முன்னால் நின்று அடி வாங்குகிறவர்) கவசமும் கேடயமும் போட்டு பவரை 13,200 ஆக்குகிறீர்கள். பவர் 10 சதவீதம் கூடியதால் பாஸின் ஹெச்பியும் 13.2 லட்சம் ஆகிவிடும். கவசம் டேமேஜை ஏற்றுமா? மிஞ்சிப்போனால் 10,200. அப்படியென்றால் 129 நொடிக்கு மேல் ஆகும். நேற்று ஜெயித்த டீம், செலவு செய்த பிறகு இன்று தோற்கிறது. ஆட்டக்காரர் மேல் எந்தத் தவறும் இல்லை.

பாஸின் ஹெச்பி எதைப் பார்த்து ஏறுகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஈவென்ட்டில் பயிற்சி ஆட்டம் இருந்தால் ஐந்து நிமிட வேலை. முழு டீமோடு நுழைந்து ஹெச்பியைக் குறித்துக்கொண்டு வெளியே வாருங்கள். ஒரு ஹீரோவின் கவசத்தைக் கழற்றிவிட்டு மறுபடி நுழையுங்கள். ஹெச்பி குறைந்தால், களத்தில் நிற்கும் டீமைத்தான் கேம் அளக்கிறது. அப்படியே இருந்தால், அக்கவுண்ட்டின் லெவலையோ இதுவரை தொட்ட உச்ச பவரையோ எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். இரண்டாவது வகை மோசம். உட்கார வைத்த ஹீரோவை ஏற்றினால்கூட பாஸ் பெருத்துவிடும், பிறகு இறக்கவும் வழி கிடையாது. அந்த மாதிரி கேமில் ஈவென்ட் முடிகிற வரை அப்கிரேடு பொருட்களைத் தொடாமல் சேர்த்து வையுங்கள். முதல் வகையில், டேமேஜ் தரும் ஆயுதத்தை வைத்துக்கொண்டு, உயிர் தப்பப் போதுமான அளவு தவிர மிச்சக் கவசத்தைக் கழற்றிவிட்டு ஆடலாம். விதிக்குள் இருக்கிற வழிதான். ஆனால் பலத்தை ஒளித்தால் லாபம் என்று ஆட்டக்காரனுக்குக் கற்றுக்கொடுக்கிற ஈவென்ட்டை நல்ல வடிவமைப்பு என்று சொல்ல மாட்டோம்.

இது புதுச் சிக்கலும் இல்லை. கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் கேமில் 2014-ல் கிளான் வார் (குழுக்களுக்கு இடையிலான போர்) வந்த பிறகு, படையை மட்டும் ஏற்றி, இன்ஃபர்னோ டவர் போன்ற கனமான தற்காப்பைக் கட்டாமலே விட்டு, எளிய எதிரியைப் பிடிக்கும் வழக்கம் பரவியது. எதிரியைப் பொருத்தும் அளவுகோல் தற்காப்பின் பக்கம் சாய்ந்திருந்ததுதான் காரணம். கிளாஷ் ராயல் 2016-ல் கொண்டுவந்த டோர்னமென்ட்டில் கார்டு லெவலுக்கு உச்சவரம்பு உண்டு. எவ்வளவு ஏற்றியிருந்தாலும் அதற்கு மேல் செல்லாது. நீண்ட நாள் ஆடியவர்கள் கண்ணில் இன்றைக்கும் நேர்மையான முறை இதுதான்.

குழுவாகப் பிரிக்கும் ஈவென்ட்டுகளில் வேறு சங்கதி. பல கேம்களில் நுழைந்த வரிசைப்படி நூறு நூறு பேராக லீடர்போர்டு (ஸ்கோர் வரிசைப் பட்டியல்) நிரம்பும். சர்வர் நாள் யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவில் மாறினால் நமக்கு அது காலை 5.30 மணி. அலாரம் வைத்து 5.31-க்கு நுழைகிறவர்கள் எல்லோரும் வெறியோடு ஆடுகிறவர்கள். அவர்களோடு ஒரே குழுவில் மாட்டினால் முதல் பத்தில் இடம் பிடிப்பது கஷ்டம். மதியத்துக்கு மேல் நுழைந்தால் குழு இலகுவாக இருக்கும், கையில் நேரம் குறையும். மூன்று நாள் ஈவென்ட்டில் அரை நாளை விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் லாபம். ஒரு நாள் ஈவென்ட்டில் வேண்டாம்.

ஸ்டாமினா, அதாவது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் செலவாகி, நேரம் போகப் போகத் தானே ஏறும் சக்தி, அந்த விஷயத்தைத்தான் யாரும் பேசுவதில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிக்கு எட்டு மணி நேர ஷிஃப்ட் போகிறவரால் வேலை நேரத்தில் போனைத் தொட முடியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று ஏறும் ஸ்டாமினா 120-ல் நின்றால், நிரம்பப் பத்து மணி நேரம் ஆகும். அவருக்கு எதுவும் வீணாகாது. வரம்பு 72 என்றால் ஆறு மணி நேரத்தில் நிரம்பிவிடும். மிச்சம் இரண்டு மணி நேரத்தில் 24 வீண். மூன்று நாளில் 72, அதாவது முழுசா ஒரு பார் போச்சு. கஷ்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று கேம் சொன்னாலும், வாய்ப்பு ஒன்றாக இல்லை.

நேருக்கு நேர் மோதும் ஈவென்ட்டில் ரேட்டிங் (திறமைப் புள்ளி) வித்தியாசத்தைப் பாருங்கள். செஸ்ஸுக்காக ஆர்பாட் ஈலோ வகுத்து, உலக செஸ் அமைப்பான ஃபிடே 1970-ல் ஏற்றுக்கொண்ட முறையில், 200 புள்ளி மேலே இருப்பவர் சுமார் 76 சதவீதம் புள்ளி எடுப்பார் என்பது எதிர்பார்ப்பு; 400 என்றால் 91. ஆள் கிடைக்காவிட்டால் தேடும் எல்லையைப் பல கேம்கள் நொடிக்கு நொடி அகட்டிக்கொண்டே போகும். அதனால் இரவு 2 மணிக்கு ஆடினால் பெரிய ஆள் கிடைப்பது சகஜம். தேடல் அரை நிமிடத்தைத் தாண்டினால் ரத்து செய்துவிட்டு மறுபடி தேடுங்கள்.

வேலூர் வெயிலும் ஒரு எதிரிதான். அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடி அறையில் சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடினால், போன் சூட்டில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஃப்ரேம் விழுந்தால், அதாவது திரையில் படம் திக்கினால், டைமிங் போகும், நேர வரம்புள்ள ஆட்டத்தில் அந்த ஒரு தவறு போதும். முதலில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள், கவரைக் கழற்றுங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள், ஸ்கோர் எடுக்கும் ஆட்டத்தைக் காலையில் முடித்துவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 மணிக்குக் கரண்ட் நிறுத்தினால் வைஃபையும் சேர்ந்தே போகும். பேப்பரில் உங்கள் துணை மின்நிலையத்தின் பெயர் வந்திருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்து, அந்த நாளுக்கான முயற்சிகளை 5.30-க்கும் 9-க்கும் நடுவில் ஆடிவிடுங்கள்.