நேர்கோடு சரி, விடை தவறு: கலரிமீட்டருடன் ஆறு ஆண்டுகள்

மாணவர் ஆய்வகத்தில் செறிவு அளக்க ஆறு ஆண்டுகளாக ஒரு சிறிய கலரிமீட்டரைப் பயன்படுத்தி வருகிறேன்; நிறக்கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று பார்த்துச் செறிவைச் சொல்லும் கருவி அது. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, நான்கு நிற ஒளி, கரைசல் ஊற்றும் ஒரு சென்டிமீட்டர் சிறு கிண்ணமான குவெட் நுழையும் துளை, ஒரு திரை. அவ்வளவுதான். வந்த புதிதில், கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் பியூரெட்டுகளை இனி பரணில் ஏற்றிவிடலாம் என்றே நினைத்தேன். இப்போது அந்தப் பியூரெட்டுகள்தான் கலரிமீட்டருக்குக் காவல் இருக்கின்றன.

அதன் நல்ல குணங்களைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. பொட்டாசியம் பெர்மாங்கனேட் போன்ற அடர்நிறக் கரைசலில் 0.0001 மோலார் (லிட்டருக்கு 0.0001 மோல்) செறிவைக்கூடப் பச்சை ஒளியில் தெளிவாகக் காட்டும். அவ்வளவு நீர்த்த கரைசலைத் தரம் பார்க்கப் போனால், அதாவது பியூரெட்டிலிருந்து சொட்டுவிட்டு வினை முடியும் அளவைக் கண்டு செறிவைக் கணக்கிடப் போனால், முடிவுநிலை கண்ணில் சிக்காது. ஒளி நிலைப்பட ஐந்து நிமிடம் விட்டுவிட்டால், ஒரு வகுப்பு முழுவதும் பூச்சியம் பெரிதாக நகர்வதில்லை.

குறை, மேல் எல்லையில் தொடங்குகிறது. செறிவும் உறிஞ்சுதிறனும் (கரைசல் ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்பதன் அளவு) நேர்விகிதத்தில் ஏறும் என்பது பீர்-லாம்பர்ட் விதி. எங்கள் கருவியில் உறிஞ்சுதிறன் 0.8 வரை அது சரியாகவே பொருந்துகிறது. அதற்கு மேல் கோடு மெல்லத் தலை சாய்க்கிறது. காரணங்கள் இரண்டு. இதன் விளக்கு தருவது ஒற்றை அலைநீளம் அன்று, ஓர் அகன்ற பட்டை. பெர்மாங்கனேட்டோ அந்தப் பட்டைக்குள்ளேயே மேடும் பள்ளமுமாக ஒளியை உறிஞ்சுவது. மற்றொன்று, கரைசலைத் தொடாமல் உள்ளே கசியும் ஒளி. உறிஞ்சுதிறன் 2 என்றால் நூற்றில் ஒரு பங்கு ஒளிதான் கடந்து வருகிறது என்று பொருள். அதனுடன் இன்னொரு பங்கு கசிந்து சேர்ந்தால் திரை 1.7 என்று காட்டும். மாணவர்கள் அதையும் மூன்று தசம இலக்கத்தோடு பயபக்தியாக எழுதிக்கொள்வார்கள். திரையில் வரும் எண்ணுக்கு இருக்கும் செல்வாக்கு அப்படி.

ஆனால் என்னை உண்மையில் அசைத்தது மூன்றாம் ஆண்டில் நடந்தது. அன்று வகுப்புக்கு வந்த எல்லாக் குழுக்களும், செறிவு தெரிந்த நியமக் கரைசல்களை அளந்து, செறிவுக்கு எதிராக உறிஞ்சுதிறனைக் குறித்து அழகான நேர்கோடு வரைந்திருந்தன. புள்ளிகள் கோர்த்த மணிபோலக் கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தன. மாணவர்களுக்குச் செறிவு தெரியாத மாதிரிக்கு அந்தக் கோட்டிலிருந்து வந்த விடை மட்டும், எல்லாக் குழுக்களுக்கும், ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல். மாதிரியை அன்று காலையில்தான் கரைத்து, தரமும் பார்த்து வைத்திருந்தேன். எனவே கருவியைச் சந்தேகித்தேன். மின்கலத்தை மாற்றினேன், குவெட்டுகளைக் கழுவினேன், நிறப்பொருள் சேராத வெற்றுக் கரைசலை மூன்று முறை வைத்துப் பார்த்தேன். விடை மாறவில்லை.

மாலையில் வேறு வழியில்லாமல் பியூரெட்டை எடுத்தேன். 0.05 மோலார் ஆக்சாலிக் அமிலம் 25 மி.லி., நீர்த்த கந்தக அமிலம், 60 டிகிரிக்கு மேல் சூடு. நியமங்களை நீர்த்துச் செய்யும் பெர்மாங்கனேட் மூலக் கரைசலின் சீட்டில் 0.02 மோலார் என்று இருந்தது. அது உண்மையானால், பியூரெட்டிலிருந்து அதைச் சரியாக 25 மி.லி. விட்டதும் இளஞ்சிவப்பு நிலைத்திருக்க வேண்டும். ஆனது 26.7 மி.லி. அதாவது, புட்டியில் இருந்தது 0.0187 மோலார்தான். மூடியின் ஓரத்தில் பழுப்பு வளையம் வேறு, நான்தான் கவனிக்கவில்லை. பெர்மாங்கனேட் நின்றுகொண்டே சிதையும். சிதைவில் உண்டாகும் மாங்கனீசு டை ஆக்சைடு மேலும் சிதைவைத் தூண்டும்.

இதில் கலரிமீட்டரின் பிழை எதுவுமில்லை. எல்லா நியமக் கரைசல்களும் ஒரே மூலத்திலிருந்து நீர்த்தவை. மூலம் குறைந்தால் எல்லாம் ஒரே விகிதத்தில் குறையும், கோடு மட்டும் நேராகவே நிற்கும். சாய்வு மாறியிருப்பதைப் பழைய பதிவோடு ஒப்பிட்டால்தான் தெரியும். எங்களிடம் பழைய பதிவே இல்லை. அதன்பின் ஒவ்வொரு வகுப்பின் சாய்வையும் ஒரு தடித்த நோட்டில் எழுதி வைக்கிறோம். கருவியோடு வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது இன்னும் எனக்கு மனக்குறை.

மூலம் சரியாக இருந்தாலும், நீர்க்கச் செய்யும் கை சரியாக இருக்க வேண்டும். 0.02 மோலாரிலிருந்து 0.0002 மோலாருக்கு இறங்க இரண்டு படிகள், இரண்டிலும் குறித்த அளவை உறிஞ்சி எடுக்கும் பிப்பெட். ஆண்டின் முதல் வகுப்பில் இப்போது வேதிப்பொருள் எதையும் தொட விடுவதில்லை, தண்ணீர் மட்டும்தான். 10 மி.லி. பிப்பெட்டில் வாலை வடிநீரை எடுத்துத் தராசில் விட்டு எடை பார்க்க வேண்டும். 25 டிகிரியில் 9.96 கிராமை ஒட்டி வர வேண்டும். முதல் முயற்சியில் 9.8, 10.1 என்று சிதறும். நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளுகிறவர்களுக்குக் கூடும். அந்தத் துளி தங்குவதைக் கணக்கில் கொண்டே கோடு போட்டிருக்கிறார்கள் என்பதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், தராசு சொன்னால் நம்புகிறார்கள். ஐந்தாவது முறைக்குள் பெரும்பாலோர் 0.02 கிராமுக்குள் வந்துவிடுகிறார்கள். இந்த ஆறு ஆண்டுகளில் செலவில்லாமல் கிடைத்த பெரிய முன்னேற்றம் இதுதான்.

பியூரெட் பற்றி எல்லோரும் அறிந்ததே: குழாய்க்குக் கீழே சிக்கும் காற்றுக்குமிழி, மேலே மறந்துவிட்ட புனல், கண்மட்டத்துக்கு வராத வாசிப்பு. பெர்மாங்கனேட்டின் அடர்நிறத்தில் பிறைமட்டத்தின் (குழாயில் வளைந்து நிற்கும் திரவப் பரப்பின்) அடிவிளிம்பு தெரியாது, மேல்விளிம்பையே முதலிலும் முடிவிலும் படிக்க வேண்டும். கண்ணாடித் திருகு கொண்ட பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடை இரவு முழுவதும் விட்டு இரண்டை இழந்தோம். திருகு இறுகிப் போனது. பிறகு வாங்கியவை எல்லாம் டெஃப்லான் திருகுள்ளவை. அவை இறுகுவதில்லை, ஆனால் காலப்போக்கில் தளர்ந்து கசியும். ஒரு துளி 0.05 மி.லி.; பத்து நிமிடத்தில் இரண்டு துளி கசிந்தாலே 20 மி.லி. வாசிப்பில் அரை விழுக்காடு போய்விடும்.

குவெட்டுகள்தான் அதிகம் மாற்ற வேண்டியிருந்த பொருள். பிளாஸ்டிக் கீறும், பெர்மாங்கனேட் பழுப்புக் கறை விடும். அமிலம் கலந்த ஆக்சாலிக் அமிலத்தில் ஊறவைத்தால் கறை போகும், கீறல் போகாது. ஒரு குழுவுக்கு ஒரே குவெட், நீர்த்ததிலிருந்து அடர்த்தியை நோக்கி, ஒவ்வொரு முறையும் அடுத்த கரைசலாலேயே இரண்டு தடவை அலசல். இதற்கு மேல் பெரிய நுணுக்கம் இல்லை.

அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் மீட்டரைக் கொண்டு நேரடியாக அமிலச் செறிவைக் கணக்கிடும் சோதனையை நிறுத்திவிட்டேன். 0.05 அலகு பிசகினால் செறிவில் 12 விழுக்காடு பிசகும். மாணவர் கையில் 0.05 ஒரு பொருட்டே இல்லை. தரம் பார்க்கும்போது வளைவு செங்குத்தாக ஏறும் இடத்தைக் காட்ட மட்டும் அதை வைத்திருக்கிறேன், அந்த வேலையை நன்றாகவே செய்கிறது.

கலரிமீட்டர் பழுதானால் மீண்டும் அதே வகையைத்தான் வாங்குவேன். பெர்மாங்கனேட் புட்டி இப்போது பழுப்புக் கண்ணாடி, இருட்டு அலமாரி. சீட்டில் 0.02 என்று எழுதுவதை விட்டுவிட்டோம். கடைசியாகத் தரம் பார்த்த தேதியும் அன்று வந்த எண்ணும் மட்டுமே இருக்கின்றன. நேற்றைய எண் 0.0196.